தேவையான அளவு

மழைக்காலம் வந்துவிட்டால் புத்தகங்களைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பும் நூலகம் ஒன்று ஒரு சின்ன ஊரில் இருந்தது.

அங்கே நூலகராக இருந்த மும்தாஜ் ஐப்பசி பிறந்ததும் வாசல் பக்கம் ஒரு மேசையைப் போடுவார். மூன்று மூன்றாகச் சேர்த்து, நூலால் கட்டி, அதன்மேல் அடுக்கி வைப்பார். படிக்க ஒன்று, சமைக்க ஒன்று, பொழுதுபோக ஒன்று. மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறவர்களுக்கு இந்த மூன்றும் போதும் என்பது அவர் எண்ணம். ஊர்க்காரர்கள் அதற்கு மழைக்கட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் கொடுங்கள் என்றால் மும்தாஜ் கொடுக்கமாட்டார்.

"மூணும் அக்கா தங்கச்சி மாதிரி. ஒண்ணாப் போகும், ஒண்ணா வரும்" என்பார்.

அப்படி ஒரு கட்டின் நடுவில் ஒரு சமையல் புத்தகம் இருந்தது. அந்த வருஷம்தான் வாங்கியது. அட்டையில் ஆவி பறக்கும் ரசத்தின் படம். அதன் தலைமேல் ஒரு தடித்த துப்பறியும் கதை உட்கார்ந்திருந்தது. காலடியில் மடித்து வைத்த பரமபத அட்டை.

சமையல் புத்தகத்துக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஆசை. தன் வயிற்றுக்குள் அச்சாகியிருந்ததையெல்லாம் அது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும். 'பொன்னிறமாக வதக்கவும்' என்று ஒரு வரி. பொன்னை அது தொட்டதில்லை. ஆனால் மும்தாஜின் காதில் ஆடுவதைப் பார்த்து ஒருவாறு ஊகித்துக்கொண்டது. 'பச்சை வாசனை போகும் வரை' என்று இன்னொன்று. வாசனை என்றால் என்ன என்று தெரியாவிட்டாலும் போவது என்றால் தெரியும். நூலகத்தில் எல்லோரும் வந்து போகிறவர்கள்தானே?

ஒரே ஒரு வரிதான் அதைத் தூங்கவிடாமல் செய்தது. 'உப்பு: தேவையான அளவு.' பக்கத்துக்குப் பக்கம் அந்த வரி இருந்தது. எவ்வளவு? யாருக்குத் தேவையான அளவு? புத்தகத்துக்கே தெரியவில்லை.

ஒருநாள் எதிர் அலமாரியில் இருந்த அகராதியிடம் கேட்டுப் பார்த்தது.

"தேவை என்றால் வேண்டியது. அளவு என்றால் அளக்கப்படுவது. இதற்குமேல் என்ன வேண்டும்?" என்றது அகராதி.

"எவ்வளவுன்னு தெரியணும்."

"அது என் வேலை இல்லை" என்று அகராதி கண்ணை மூடிக்கொண்டது.

தலைமேல் இருந்த துப்பறியும் கதை சிரித்தது. "இதெல்லாம் முதல்லயே சொல்லிடுவாங்களா? கடைசி அத்தியாயத்துல தானா வரும். பொறுமையா இரு."

"எனக்குக் கடைசிப் பக்கத்துல பாயசம்தான் இருக்கு" என்றது சமையல் புத்தகம் வருத்தமாக. "அதுலயும் ஒரு சிட்டிகை உப்புன்னு போட்டிருக்கு. யாரோட சிட்டிகை?"

"தாயம் விழற அளவுன்னு வச்சுக்கோயேன்" என்று பரமபத அட்டை கீழிருந்து சொன்னது. அதற்குத் தாயத்தை விட்டால் வேறு பேச்சு கிடையாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் பூவராகன் என்பவர் நூலகத்துக்குள் வந்தார். பொருளாளர் மாதிரி சட்டைப்பையில் பேனா, கையில் சொட்டும் குடை. ஊரின் பெரிய மளிகை மண்டியில் எடை போடுகிறவர். மூட்டையானாலும் சரி, ஏலக்காயானாலும் சரி, முள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர விடமாட்டார். அவர் போட்ட எடையை ஊரில் யாரும் மறுபடி போட்டுப் பார்த்ததில்லை.

"அம்மா, ஒரு சமையல் புஸ்தகம் வேணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கொடுக்கிற மாதிரி."

"நீங்களா சமைக்கப் போறீங்க? செங்கமலம் அக்கா எங்கே?" என்று கேட்டார் மும்தாஜ்.

பூவராகன் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "காய்ச்சல்ல படுத்தா. காய்ச்சல் விட்டுப்போச்சு. ஆனா வாய்க்குள்ள ஒண்ணும் போகலை. ரெண்டு கரண்டி குடிச்சிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கறா. ஓட்டல்லேர்ந்து வாங்கிக் கொடுத்தும் பாத்துட்டேன். டாக்டர் திங்கக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் ஆகணுமாம். உடம்பு தாங்காதுன்னு சொல்லிட்டார்."

மும்தாஜ் கட்டை எடுத்து நீட்டினார்.

"மத்ததெல்லாம் எனக்கு எதுக்கும்மா? இது மட்டும் போதும்."

"பிரிக்கமாட்டேன் சார். மூணையும் கொண்டு போங்க."

இப்படித்தான் சமையல் புத்தகம் முதல்முதலாக ஓர் அடுப்படியைப் பார்த்தது.

அது எதிர்பார்த்த மாதிரி இல்லை. படங்களில் இருப்பது போலப் பளபளப்பாக எதுவும் இல்லை. சுவரில் கரி, ஜன்னலில் சாரல், மூலையில் காய்ந்துபோன கறிவேப்பிலை. கவனிப்பார் இல்லாத அடுப்படி. மேடையில் ஒரு பீங்கான் ஜாடி, அதில் கல்லுப்பு. அதன் பக்கத்தில் மண்டியிலிருந்து பூவராகன் கையோடு கொண்டுவந்திருந்த ஏலக்காயும் கிராம்பும் நிறுக்கும் சின்ன மின்தராசு தன் சிவப்பு எண்களைக் காட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

கூடத்தில் செங்கமலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாசற்கதவு ஓரமாக ஒரு துணிப்பை. மாற்றுப் புடவை, பிளாஸ்க், போர்வை எல்லாம் அதில் ஏறியிருந்தன.

"நான் தயார். திங்கக்கிழமை கிளம்பணும்" என்றது துணிப்பை, யாரும் கேட்காமலே.

சமையல் புத்தகத்துக்கு அந்தப் பையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தராசின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"உனக்கு அளவெல்லாம் தெரியுமாமே?"

"தெரியுமாவது! அளவே நான்தான்" என்றது தராசு.

"அப்ப உப்பு எவ்வளவு போடணும்?"

"எவ்வளவுன்னு நீ சொல்லு, நான் நிறுத்துக் கொடுக்கிறேன்."

"எனக்குத் தெரியாதே."

தராசின் எண்கள் ஒருமுறை அணைந்து எரிந்தன. "தெரியாததையா பக்கத்துக்குப் பக்கம் அச்சடிச்சு வச்சிருக்கே? உன்னை நம்பி ஒரு மனுஷன் மழையில நடந்து போய் எடுத்துட்டு வந்திருக்கான்!"

சமையல் புத்தகத்துக்கு அட்டை கூசியது. "சரி, ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போமா?" என்று கேட்டது.

"கண்டுபிடிப்போம். ஒருதடவை சரியா அமைஞ்சா போதும். அந்த எண்ணை நான் மறக்கமாட்டேன்" என்று தராசு வாக்குக் கொடுத்தது.

ஜாடிக்குள்ளிருந்து கல்லுப்பு களுக்கென்று சிரித்தது. "என்னை நிறுக்கப் போறாங்களாம்! மழைக்காலத்துல என்னைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? கசிஞ்சு போய்க் கிடக்கேன். இன்னிக்கு நான் பாதி மழை."

தராசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் செங்கமலம் வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. சமைக்கும்போது யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் கரண்டி மதில்மேல் காக்கைக்கு, அதன்பிறகுதான் மனிதர்களுக்கு. அவள் ஆவியை நுகர்ந்து பார்த்தே உப்பைச் சொல்லிவிடுவாள். பூவராகனை அடுப்படிக்குள் விடவே மாட்டாள். "உள்ள வந்து நின்னுகிட்டு எத்தனை கிராம் எத்தனை கிராம்னு கேட்டா எனக்குக் கை ஓடாது. போய்க் கூடத்துல உக்காருங்க" என்பாள்.

வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று அவள் போட்ட சட்டத்தை அவர் இப்போதும் மீறவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, மிளகை நிறுத்தார், சீரகத்தை நிறுத்தார், புளியைக்கூட நிறுத்தார். உப்பு என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"தேவையான அளவாம். இந்த மாதிரி மண்டியில நான் சொன்னா விடுவாங்களா?" என்று முணுமுணுத்தார். கடைசியில் மிளகும் சீரகமும் புளியும் சேர்ந்து எவ்வளவோ அவ்வளவு உப்பு என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, நிறுத்துக் கொட்டினார்.

முதல் கரண்டியை மதில்மேல் வைத்தார். காக்கை வந்து ஒரு வாய் எடுத்தது. எடுத்த வேகத்தில் வாளித் தண்ணீருக்குள் அலகை முக்கியது.

"யோவ்! கடலைக் காய்ச்சி இறக்கியிருக்கியா?" என்று கத்தியது.

பூவராகனுக்குக் கா கா என்றுதான் கேட்டது. சமையல் புத்தகத்துக்கு நன்றாகவே புரிந்தது.

"கூடிப்போச்சு!" என்றது தராசிடம்.

"இரு, மனுஷி என்ன சொல்றான்னு பாப்போம்" என்றது தராசு.

கூடத்திலிருந்து பேச்சுக் கேட்டது.

"எப்படி இருக்கு கமலம்?"

"நல்லாருக்கு."

"உப்பு?"

"சரியாத்தான் இருக்கு. போதுங்க."

கிண்ணம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. பூவராகன் தாமும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆனாலும் நோயில் கிடந்த நாக்குக்கு இதுதான் வேண்டியிருக்கிறதோ என்னவோ என்று குழம்பி நின்றார். அவள்தான் சரியாக இருக்கிறது என்கிறாளே!

மறுவேளை உப்பைப் பாதியாகக் குறைத்தார். "நல்லாருக்கு" என்றாள். இன்னும் குறைத்தார். அதற்கும் "நல்லாருக்கு" என்றாள். பருப்புக் கஞ்சிக்கும் அதே சொல், பூண்டு ரசத்துக்கும் அதே சொல். கிண்ணம் மட்டும் போனமாதிரியே திரும்பி வந்தது.

தராசுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்ன நியாயம்? எல்லா எண்ணும் சரின்னா எந்த எண்ணும் சரியில்லைன்னு அர்த்தம். இப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்லை."

"அவளுக்கு ருசியே தெரியலை போல" என்றது சமையல் புத்தகம். அப்படிச் சொன்னபோதுதான் அதற்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இதுவரை தன் வரிக்கு அர்த்தம் தெரியாததுதான் பெரிய கவலையாக இருந்தது. இப்போது அந்தத் திரும்பிவந்த கிண்ணங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை.

"நாளன்னிக்கு" என்றது வாசலில் துணிப்பை.

மத்தியான வேளைகளில் பூவராகன் கட்டிலருகே உட்கார்ந்து துப்பறியும் கதையை வாய்விட்டுப் படித்தார். எண்களை வாசிப்பது போலத்தான் படித்தார், ஏற்ற இறக்கமே இல்லாமல். செங்கமலம் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். அடுத்து என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரமபத அட்டையை விரித்து வைத்தார். அவள் ஒருதடவை தாயக்கட்டையை உருட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுப்படிக்குத் திரும்பி வரும்போது துப்பறியும் கதை பொருமும். "அரண்மனையில மரகத மாலை காணாமப் போகுது, கதவெல்லாம் உள்பக்கம் பூட்டியிருக்கு. யார் எடுத்தான்னு ஒரு மனுஷி கேக்கமாட்டாளா? என் பொழைப்பே போச்சு."

"எனக்கு மட்டும் என்ன? ஆறு பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றது பரமபத அட்டை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்து மழை ஊற்றித் தள்ளியது. ஓடுகளில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பூவராகன் மிளகு ரசத்துக்குக் கூட்டி அடுப்பில் ஏற்றினார். கொதி வரட்டும் என்று நின்றவர், சும்மா நிற்க முடியாமல் துப்பறியும் கதையை எடுத்துப் பிரித்தார். கடைசிக்கு முந்தைய அத்தியாயம். யாருக்காகப் படிக்கிறோம் என்பதை மறந்து தனக்காகவே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

ரசம் நுரை கட்டியது.

"உப்பு!" என்று தராசு தன் எண்களையெல்லாம் மின்னிக் காட்டியது. "இன்னும் என்னைத் தொடவே இல்லை!"

"அவர்கிட்ட சொல்லேன்!" என்று சமையல் புத்தகம் துப்பறியும் கதையைக் கெஞ்சியது. "அவர் கையிலதானே இருக்கே! சட்டுனு மூடிக்கோயேன்!"

"மூடிக்கவா? இப்பத்தான் ஒருத்தர் என்னை இப்படிப் படிக்கிறார். பந்தத்தைப் பிடிச்சுட்டு நிலவறைக்குள்ள இறங்குறாங்க. பேசாம இரு!"

"நாளைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவாங்க!"

"ஒரே ஒரு பக்கம்" என்றது துப்பறியும் கதை.

ஜாடிக்குள் கல்லுப்புகூட இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதற்கும் கவலையோ என்னவோ.

பூவராகன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடியே அடுப்பை அணைத்தார். முதல் கரண்டியை மதில்மேல் ஊற்றினார். அந்த மழையில் காக்கை எங்கே வரும்? ரசம் சுவரோடு வழிந்து போயிற்று. ஏச ஆளில்லாமல் கிண்ணம் கூடத்துக்குப் போனது.

சமையல் புத்தகம் மேடையிலிருந்தபடி காதைத் தீட்டிக்கொண்டது. வழக்கமான அந்த 'நல்லாருக்கு' வரவில்லை.



"என்னங்க இது?"

"ஏன், என்ன?"

"உப்பு போட்டீங்களா?"

"போட்டேனே... போட்டிருப்பேன்..."

"எங்க போட்டீங்க, பக்கத்து வீட்டு அண்டாவுலயா? ரசமா இது? மிளகு போட்ட வெந்நி."

பூவராகன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். மண்டியில் ஒரு மூட்டைக்குக்கூட இப்படி ஒரு பிசகு செய்ததில்லை அவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் தலையைத் தொங்கப் போட்டிருப்பார். இப்போது வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லு கமலம்."

"உப்பு இல்லைங்கறேன், இதுல என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு? ஜாடியைக் கொண்டாங்க. எழுந்து உக்காரணும், கையைக் குடுங்க முதல்ல."

அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தலையணையை முட்டுக் கொடுத்தார். அடுப்படிக்கு ஓடினார். உப்பு ஜாடியை எடுத்தார். புறப்பட்டவர் திரும்பி வந்து தராசையும் எடுத்தார், திறந்தபடி கிடந்த சமையல் புத்தகத்தையும் எடுத்தார், எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"இந்தா, இதுல வச்சு நிறுத்துப் போடு. எவ்வளவுன்னு இன்னிக்காவது தெரிஞ்சுக்கறேன்."

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் செத்துப் பொழைச்சு வந்தாலும் நீங்க தராசை விடமாட்டீங்க. அதைத் தூக்கி அந்தாண்ட வைங்க."

தராசு சுவரைப் பார்த்தபடி மூலையில் வைக்கப்பட்டது. சமையல் புத்தகம் மட்டும் கட்டிலின் ஓரத்தில், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"பாத்துக்கோ!" என்று தராசு மூலையிலிருந்து கத்தியது. "எனக்கு ஒண்ணும் தெரியலை! நல்லாப் பாத்துக்கோ!"

செங்கமலம் ஜாடிக்குள் கைவிட்டாள். மெலிந்து போன விரல்கள். எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினாள். ஒரு வாய் குடித்து, கண்ணை இடுக்கி, நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள். மறுபடி ஜாடிக்குள் கைவிட்டாள். மறுபடி கலக்கினாள். இந்தத் தடவை குடித்தபோது நெற்றியில் விழுந்திருந்த கோடு மெல்லத் தளர்ந்தது. கன்னத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. மூக்குநுனி வியர்த்தது. அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் குடித்தாள்.



"அப்புறம் அந்த மாலையை எடுத்தது யாரு?" என்று கேட்டாள் அவள், வாயைத் துடைத்தபடி. "அந்தப் பூசாரி தம்பிதானே? அவன் பேச்சே எனக்குச் சரியாப் படலை."

அவர் கக்கத்திலிருந்த துப்பறியும் கதை திடுக்கிட்டது. "அத்தனை நாளும் கேட்டுட்டுத்தான் இருந்தாளா! கண்டுபிடிச்சுட்டாளே!"

"இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கா?" என்றாள் செங்கமலம்.

பூவராகன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். ஓடும்போது கால் தட்டி, வாசலோரத்துத் துணிப்பை சாய்ந்து விழுந்தது. அவர் அதை நிமிர்த்தி வைக்கவில்லை.

கூடத்தில் சத்தம் அடங்கியதும் தராசு மூலையிலிருந்து ஆவலோடு கூப்பிட்டது.

"ஏய், சொல்லு சொல்லு! எவ்வளவு போட்டா?"



"தெரியலை" என்றது சமையல் புத்தகம். "நான் அவ முகத்தையே பாத்துட்டு இருந்துட்டேன்."